வெள்ளிக் கோப்பையும் கறுப்புக் கிடாவும்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சாக்கு நிறைய இருக்கிறது. மழையில் கொல்லை முருங்கை முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்துவிட்டது. அதை வெட்டி இறக்கி, உடைந்த ஓட்டை மாற்றிக் கொடுத்து, ஒரு வாரம் தெரு முழுக்கக் கீரை விநியோகம். முட்டிவலி பற்றி எழுதவே வேண்டாம், அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் நீ பார்க்கச் சொன்ன ‘தி விட்ச்’ என்ற ஆங்கிலப் பேய்ப்படம். அதைப் பார்க்காமல் எழுதினால் திட்டுவாய் என்றுதான் தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு மகளோடு உட்கார்ந்து ஒருவழியாகப் பார்த்தாயிற்று.

பிடித்ததா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

முதல் முக்கால் மணி நேரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. டூரிங் டாக்கீஸ் மணலில் வளர்ந்தவர்கள் நாம். கொலுசுச் சத்தம் கேட்டால் பத்து நிமிடத்தில் வெள்ளைப் புடவை வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விசில் பறக்கும். இங்கே யானை வருவதற்கு முன் மணியோசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1630களில் அமெரிக்கக் காட்டோரம் தனியாகக் குடியிருக்கும் ஒரு பக்திக் குடும்பம். அப்பா விறகு பிளக்கிறார், ஜெபம் செய்கிறார், மறுபடி விறகு பிளக்கிறார். அந்தப் பழங்கால ஆங்கிலம் வேறு. சப்டைட்டில் போட்டும் மகளிடம் நாலு தடவை அர்த்தம் கேட்டேன்.

ஆனால் படம் முடிந்த பிறகுதான் அந்த மந்தம் வேலை செய்ய ஆரம்பித்தது. ராத்திரி கொல்லைக் கதவைச் சாத்தப் போனபோது இருட்டைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. பகல் வெளிச்சத்தையும் மெழுகுவத்தியையும் வைத்தே பெரும்பாலும் எடுத்திருக்கிறார்களாம். வீட்டுக்குள் முகங்கள் பாதி கரைந்து கிடப்பது அதனால்தான் போலிருக்கிறது. அந்த அறுக்கிற இசையில் நிக்கல்ஹார்ப்பா என்ற ஸ்வீடன் நாட்டு வாத்தியமும் உண்டாம். இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். 2015இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்கத்துக்கான விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் குடும்பம் வளர்க்கிற கறுப்புக் கிடா மட்டும் என்னை ஒன்றும் செய்யவில்லை. சாத்தான் என்கிறார்கள், எனக்குக் கருப்பசாமி கோயில் கொடைதான் ஞாபகம் வந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பார்த்து யாரடி பயப்படுவார்கள்? நிஜத்தில் அதன் பெயர் சார்லியாம். சொன்னபடி எதையும் கேட்காமல், அப்பாவாக நடித்தவரை முட்டிக் காயப்படுத்தியதாம். அதைப் படித்த பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது.

என்னை உண்மையில் கலக்கியது வெள்ளிக் கோப்பை. விலங்கு பிடிக்கப் பொறி வாங்க அப்பாதான் அதை விற்கிறார். அம்மா பெரிய பெண் தாமசினைக் குடைகிறாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டுக் குங்குமச்சிமிழ் கதை உனக்குத் தெரியுமே. அப்பா அடகு வைத்துவிட்டு வந்ததற்கு இரண்டு மாதம் எனக்குத்தான் வசவு. பேயைவிட அந்த மௌனம்தான் பயங்கரம். படத்தில் கைக்குழந்தை காணாமல் போனதற்குத் தாமசின்தான் காரணம், பயிர் அழுகினால் அவள், தம்பி காட்டிலிருந்து ஜன்னி கண்டு திரும்பினால் அதற்கும் அவள். தங்கையை மிரட்ட விளையாட்டாக ‘நான்தான் சூனியக்காரி’ என்று சொன்ன ஒரு வார்த்தை கடைசியில் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது.

இங்கேதான் எனக்கும் படத்துக்கும் சண்டை. படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் காட்டில் நிஜமாகவே ஒரு சூனியக்காரியைக் காட்டிவிடுகிறார்கள். குழந்தையைக் கொண்டுபோய் அவள் செய்வதையும் காட்டுகிறார்கள். ஏன் காட்டினார்கள் என்று எனக்கு ஆறவில்லை. அந்த நாட்களின் குறிப்புகளிலிருந்தும் நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் எடுத்தது என்று முடிவில் எழுத்துப் போடுகிறார்களே, அந்த ஆவணங்களில் இருப்பது என்ன?

கதை நடந்து அறுபது ஆண்டு கழித்து, 1692இல் சேலத்தில் (நம் மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) சூனியம் செய்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். ‘இவளுடைய ஆவி உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது’ என்றால் அதையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டது கோர்ட்டு. சாட்சி சொன்னவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. இந்தப் படம் அந்த உருவத்தை நமக்கே காட்டிவிடுகிறது. நாமும் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டோம் என்று தோன்றியது.

தானியத்தில் படரும் ஒரு பூஞ்சைதான் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று புகார் சொன்ன சேலத்துப் பிள்ளைகளுக்கு வலிப்பும் பிரமையும் தந்தது என்று 1976இல் ஒரு விளக்கம் வந்தது. பலர் அதை ஏற்கவில்லை. படத்திலும் அழுகிய சோளக்கதிர் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் இவர்கள் மனப்பிரமை’ என்று தப்பிக்கப் பார்த்தேன். படம் விடவில்லை.

மகளோ, ‘அவர்கள் நம்பியபடியே காட்டினால்தானே அம்மா அவர்கள் பயம் நமக்குப் புரியும்’ என்கிறாள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஜார்க்கண்டில் பெண்களைச் சூனியக்காரி என்று பழிப்பதைத் தடுக்க 2001இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. இன்றும் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்கிற செய்தி வருகிறது. சேலத்தில் தண்டனை பெற்ற எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரிலிருந்து பழி நீங்கியதே 2022இல்தான். அதற்கு முயற்சி எடுத்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்! இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு அந்தக் காட்டுக் கிழவியை வெறும் கதையாகப் பார்க்க எனக்கு வரவில்லை.

சரி, முடிவு. வீட்டில் எல்லாரும் போன பிறகு சாத்தான் தாமசினுக்கு என்ன தருவதாகச் சொல்கிறான், கவனித்தாயா? வெண்ணெயின் ருசியும் ஒரு நல்ல உடுப்பும். சோளம் அழுகிப் பட்டினி கிடந்த பெண்ணுக்கு உலகத்தையே கொடுத்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மகள் அதை விடுதலை என்கிறாள். எல்லாரும் சேர்ந்து எந்தப் பட்டத்தைச் சுமத்தினார்களோ அதற்கே போய்ச் சேர்கிறாள், இதில் என்ன விடுதலை என்றேன். ராத்திரிச் சாப்பாடு வரை வாக்குவாதம்.

மருமகளுக்கு எத்தனையாவது மாதம்? தையில் நீ வந்தால் புது முருங்கைக் கொம்பு நடலாம், உன் கை ராசியானது. பதில் எழுதும்போது ஒன்று மட்டும் சொல். மரங்களுக்கு மேலே எழும்பும்போது அந்தப் பெண் சிரிக்கிறாளா, அழுகிறாளா? இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
வசந்தா