கதவு வரைக்கும் வந்த அப்பா

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள ஆத்தாளுக்கு,

அப்பா எழுதுகிறேன். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிற ஸ்கைடைவிங்கில் கோச் ஆகும் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். போனில் சொல்ல முடியாது, அம்மா பக்கத்தில் இருப்பாள். அவளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

போன மார்ச்சில் அமெரிக்காவில், அரிசோனாவின் ஈலாயில் நீயும் மற்றவர்களும் குதித்த பிறகு, ஏறின விமானத்திலேயே உட்கார்ந்து நான் கீழே வந்தேன். மேலே என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டி, "வெயில்ல நிக்காதீங்கப்பா, உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இப்போது நீ மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாய். நடந்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பழைய கதை. நீ 25 ஜம்ப் முடித்து முதல் நிலை லைசென்ஸான ஏ லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. அம்மா குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு அழுதபடியே இருந்தாள். நாலாம் நாள் நீ பயிற்சிப் புத்தகத்தை அனுப்பி வைத்தாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. வாத்தியாராக இருந்தவன் இல்லையா, விளையாட்டுப் புத்தகம் என்றால் எனக்குக் கை நிற்காது. ஏதோ வெறிபிடித்தவர்கள் உயிரைப் பணயம் வைக்கிற கூத்து என்று நினைத்திருந்தேன். உள்ளே போகப் போக, அது முழுக்க முழுக்க ஒழுங்கால் கட்டின விளையாட்டு என்று தெரிந்தது. பைக்குள் இரண்டு பாராசூட், வழக்கமாக விரிக்கிற மெயின் ஒன்று, அது சரியில்லை என்றால் விரிக்க ரிசர்வ் ஒன்று. ரிசர்வை லைசென்ஸ் வாங்கிய ரிக்கர்தான் மடிக்கலாம், ஒரு தடவைகூட விரியாவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த அந்தச் சின்னக் கருவி, சைப்ரஸ், குதித்தவர் மயங்கிப் போனாலும் சுமார் 750 அடியில் தானே ரிசர்வை விரித்துவிடும். இதையெல்லாம் வாசித்த பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

அம்மாவை மாற்றியது புத்தகம் இல்லை, ஷீதல் மகாஜன். புனேக்காரப் பெண், 2018இல் தாய்லாந்தில் மராத்திக் கட்டாக ஒன்பது கெஜம் சேலை உடுத்திக்கொண்டு குதித்தார் என்று படத்தோடு காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். "சேலை எப்படி நின்னுச்சு, எத்தனை பின்னு குத்தியிருப்பா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி உனக்கு அவளே போன் போட்டாள்.

சரி, மார்ச்சுக்கு வருகிறேன்.

குதிக்கும் முந்தின நாள் என்னைத் தரைப் பாடத்தில் ஓரமாக உட்கார வைத்தாய். புதிதாக வந்த ஏழெட்டுப் பேரைச் சக்கரம் வைத்த பலகையில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை முன்னே தள்ளி, கைகால்களை மேலே தூக்கி, உடம்பை வில்லாக வளைக்கச் சொன்னார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது நம் சலபாசனம். நான் பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் படுக்கப் போட்டு வளைத்திருப்பேன்! அந்த வளைவு ஏன் வேண்டும் என்பதை நீ இறகுப்பந்தை வைத்து விளக்கினாய். எப்படித் தூக்கிப் போட்டாலும் கனமான கட்டை கீழே போகும், இறகு மேலே நிற்கும். இடுப்பு கட்டை, கைகால் இறகு. அந்த விளக்கத்தை நானாக இருந்தால்கூட அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். நீ கற்றுக்கொடுக்கப் பிறந்தவள் என்று அப்போதே மனசில் பட்டது.

மறுநாள் டேண்டம். என்னை இன்னொருவர் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். ட்வின் ஆட்டர் விமானம் 13,000 அடிக்கு ஏற இருபது நிமிஷம் போல ஆனது. நீ எனக்கு எதிரே உட்கார்ந்து உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டரைக் காட்டிக்கொண்டே வந்தாய். குப்புறப் பறப்பவர்கள் முதலில், டேண்டம் கடைசியில் என்பதால் நீங்கள் நாலு பேர் முன்னால் போனீர்கள். கதவோரம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அப்புறம் அந்த இடத்தில் நீ இல்லை. பெற்ற பிள்ளை கண் முன்னே விமானத்திலிருந்து விழுகிறதைப் பார்த்த என் நிலை எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. மூச்சே வரவில்லை.

எங்கள் முறை வந்தது. கதவு வரைக்கும் நகர்ந்தோம். கால் வெளியே தொங்க வேண்டும். காலை நீட்ட முடியவில்லை. நான் தலையை ஆட்டினேன், வாயைத் திறந்து "நோ" என்றேன். பின்னால் கட்டியிருந்தவர் ஒரு விநாடி தாமதிக்கவில்லை. இரண்டு கையாலும் என்னை உள்ளே இழுத்து, பெஞ்சில் உட்கார வைத்து, விமானிக்குச் சைகை காட்டினார். பிறகு என் காதருகே குனிந்து, "நல்ல முடிவு" என்றார். இறங்கி வரும் வழியெல்லாம் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு ஜம்ப் போய்விட்டது என்ற முகச்சுளிப்பு இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

விமானம் தரையைத் தொட்டபோது என் கண் கலங்கியிருந்தது. நீ பயத்தினால் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஊருணி நிரம்பிக் கிடந்த ஐப்பசி. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் படிக்கட்டிலேயே நின்று நடுங்கினான். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை உள்ளே விழுந்தால் பயம் போய்விடும் என்று எனக்கு என் வாத்தியார் சொல்லியிருந்தார், அவர் என்னைத் தள்ளியும் விட்டிருந்தார். நானும் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன். உடனே குதித்துத் தூக்கிவிட்டேன், மிஞ்சிப் போனால் அஞ்சு விநாடி. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் அதற்குப் பிறகு ஊருணிப் பக்கமே வரவில்லை. இன்றைக்கு நம் ஊரில் கடை வைத்திருக்கிறார். "வாங்க சார்" என்று எழுந்து நின்று மரியாதை செய்வார். அவர் பிள்ளைகள் யாருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர்ப் பக்கம் போக விட்டதே இல்லையாம். அந்த அஞ்சு விநாடி ஒரு தலைமுறை தாண்டிப் போய்விட்டது.

அன்றோடு தள்ளுவதை விட்டேன். உனக்கு எப்படிப் பழக்கினேன் என்று ஞாபகம் இருக்கும். முதுகில் சுரைக்குடுக்கை, வயிற்றுக்கு அடியில் என் உள்ளங்கை. நாள் ஆக ஆகக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். கை எப்போது போனது என்று உனக்கே தெரியவில்லை. அடுத்த நிலையான பி லைசென்ஸுக்காக உடுப்போடு நீச்சல் குளத்தில் இறங்கி, மேலே விழுந்த பாராசூட் துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது, ஊருணி நீச்சல்தான் கைகொடுத்தது என்று எழுதினாயே. அந்த மெயிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

புதிதாகக் குதிப்பவர்களைப் பழக்குகிற, நீ படித்த ஏஎஃப்எஃப் முறையைப் பார்த்தபோது இதே கைதான் எனக்குத் தெரிந்தது. முதல் ஜம்ப்பில் இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர் பிடித்துக்கொள்கிறார்கள். மாணவன் நிலையாக நின்றால் பிடியைத் தளர்த்துகிறார்கள். அப்புறம் ஒருவர். அப்புறம் பக்கத்தில் பறக்க மட்டும் செய்கிறார். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது இப்படி விட்டுப் பிடிக்கிறார்கள் என்றால் அந்தக் கைகளுக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும். அந்தப் பயிற்சியாளர் இடத்துக்கு வர, பாராசூட் விரியும் முன் விழுகிற ஃப்ரீஃபால் நேரம் மொத்தம் ஆறு மணி சேர்ந்திருக்க வேண்டும் என்றாய். ஒரு ஜம்ப்புக்கு ஒரு நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், 360 தடவை குதிக்க வேண்டும். உனக்கு இப்போது 130தான். அவசரம் வேண்டாம். கோச்சாக இருக்கும்போதே உனக்கு வேலை இருக்கிறது. தரைப் பாடம் எடுப்பாய், தனியாகக் குதிக்க ஆரம்பித்தவர்களோடு கூடப் பறப்பாய். பயந்தவர்கள் முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்படி ஒருவர் கதவிலிருந்து திரும்பினால், தாயி, என்னோடு வந்தவர் செய்ததைச் செய். சமாதானம் சொல்லக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார். கீழே இருக்கிறவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள். காசு கட்டிவிட்டோமே, கூட வந்தவர்கள் குதித்துவிட்டார்களே என்று வெட்கத்துக்காகக் குதிக்கிற ஆளை நீயே நிறுத்து. வெட்கத்தோடு போகிறவனுக்கு ஆல்டிமீட்டர் கண்ணில் படாது. ஐயாயிரம் அடி வாக்கில் கைப்பிடியை இழுக்க வேண்டும், விரிந்ததா, சதுரமாக இருக்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்து மெயினை அறுத்துவிட்டு ரிசர்வை இழுக்க வேண்டும். இதெல்லாம் அமைதியான தலைக்குத்தான் முடியும்.

உன்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2012 அக்டோபரில் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததை நாம் கம்ப்யூட்டரில் சேர்ந்து பார்த்தோம். அவர் சுழன்றபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அவர் 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடிங் செய்யும்போது இறந்துபோனார். செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அனுபவம் நிறைய இருக்கிறவர்கள், நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்குப் பக்கத்தில் கூர்மையாகத் திருப்பப் போய் அடிபடுகிறார்கள் என்று உன் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. சின்ன பாராசூட்டுக்கு மாறுகிற ஆசையைத் தள்ளிப் போடு. வேகம் அதிகம் என்பார்கள். இருக்கட்டும்.

காற்றையும் கவனி. இங்கே பொட்டலில் செம்மண்ணைச் சுருட்டிக்கொண்டு கம்பம் மாதிரி எழும்புமே சுழல்காற்று, அதே சனியனை உங்கள் பாலைவனத்திலும் பார்த்தேன். அதில் பாராசூட் மாட்டினால் துணி மடங்கிவிடும். மாணவர்களுக்கு மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் விமானம் ஏற்ற மாட்டார்கள் என்றாய். உனக்கு அந்த வரம்பு இல்லை என்பதற்காக நீ ஏற வேண்டும் என்று இல்லை. தரையில் உட்கார்ந்து மற்றவர்களோடு பாராசூட் மடித்துக்கொண்டு, சாயந்தரம் காற்று அடங்குகிறதா என்று பார்க்கிற நாளும் விளையாட்டில் சேர்த்திதான்.

இன்னொன்று, வாத்தியார் வேலை உன் சந்தோஷத்தைத் தின்றுவிடும். எனக்கு நடந்தது. பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தே பத்து வருஷம் நான் கபடி ஆடவில்லை. மாசத்துக்கு நாலு ஜம்ப்பாவது மாணவர் இல்லாமல், மதிப்பெண் இல்லாமல் உனக்காகக் குதி. பாராசூட் விரிந்ததும் காற்றுச் சத்தம் சட்டென்று நின்று ஒரு அமைதி வரும், உன் மூச்சே உனக்குக் கேட்கும் என்று சொன்னாயே. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

நேற்றுச் சாயந்தரம் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போயிருந்தேன். யுத்த காலத்து ரன்வே அப்படியே கிடக்கிறது. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப்போனேன். "இவ்வளவு பெரிய ரோடு, ஏன்ப்பா பிளேனே வரல?" என்று கேட்டாய். நம் வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் குராய்டனில் விமானம் ஓட்டப் படித்த கதையை அன்று சொன்னேன். "நானும் படிப்பேன்" என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். அன்றே சம்மதித்துவிட்டவன் பிறகு மூன்று நாள் பேசாமல் இருந்தது தப்பு. மன்னித்துக்கொள்.

அம்மா சீப்புச் சீடையும் மணகோலமும் டின்னில் அடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் கூரியரில் வரும். தேர்வு முடிந்ததும் போன் பண்ணு. உங்களுக்குப் பகல் என்றால் எங்களுக்கு நடுராத்திரி, பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் எனக்கு மனப்பாடம். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

வருகிற மார்ச்சுக்கு டிக்கெட் பார். அந்த ஆள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாரா என்று விசாரித்து வை. அவரோடுதான் ஏறுவேன்.

அன்புடன்,
அப்பா