ஒஸ்தியாவில் அரை நாள்: வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோம் நகரத்துக்குச் சென்று திரும்பிய வாசகர் ஒருவர், பழைய இடிபாடுகளைப் பார்ப்பதற்கு வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு என்றும், கைப்பேசியில் படித்துக்கொண்டே நடந்தால் போதும் என்றும் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது எனக்குப் புரிகிறது. சென்ற ஆண்டு என் கணவரும் நானும் ரோமில் கழித்த முதல் நாளின் இரவில் நாங்களும் அதையேதான் பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் ரோமின் பழைய துறைமுகப் பட்டினமான ஒஸ்தியாவில் அரை நாள் நடந்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். மொரீஷியஸிலிருந்து ஆண்டுதோறும் பல தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா செல்வதால், எங்கள் அனுபவம் அவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நாங்கள் சேர்ந்தது ஒரு பெரிய பேருந்துக் குழு. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காதில் இரைச்சல் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, தூரத்தில் மடித்த குடையைத் தூக்கிப் பிடித்திருந்தவரைப் பின்தொடர்ந்து ஓடினோம். ரோமானியப் பொது மன்றத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் நாற்பது நிமிடம். பேரரசர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தன. எந்தத் தூண் எந்தக் கோயிலுக்கு உரியது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் குடை அடுத்த மூலையைத் தாண்டியிருந்தது. அறைக்கு வந்து படங்களைப் பார்த்தபோது, எது எந்த இடம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த வழிகாட்டியின் மீது எனக்குக் குறை இல்லை. ஒரே நாளில் ஏழு இடங்கள் என்று திட்டம் வகுத்தவர் அவர் அல்லர். ஆனால் அந்த வகைப் பயணத்தை வைத்து வழிகாட்டிகள் எல்லாரையும் எடைபோட்டுவிடக் கூடாது.

ஒஸ்தியாவுக்கான ஏற்பாட்டைச் செய்தவள் பிரான்சில் வேலை பார்க்கும் எங்கள் மகள். பிரெஞ்சு பேசும், அரசு உரிமம் பெற்ற ஒரு பெண் வழிகாட்டியுடன் மொத்தம் பதினொரு பேர். காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை மணி வரை. ரோமின் பிரமிடு நிலையத்துக்கு அருகிலிருந்து கிளம்பும் ரயிலில் சுமார் அரை மணி நேரப் பயணம், நகரப் பேருந்துக்கு வாங்கும் சாதாரணச் சீட்டே போதும். திபேர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த ரோமின் துறைமுகப் பட்டினம் அது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடற்கரை விலகிப்போய், இன்று கடல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. பொம்பேயைப் போல எரிமலை ஒரே நாளில் மூடிய ஊர் அல்ல இது. துறைமுகம் தூர்ந்து, வணிகம் குறைந்து, மக்கள் மெல்ல மெல்ல விட்டு நீங்கிய ஊர்.

வாயிலில் நின்றபடியே வழிகாட்டி அம்மையார் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஊர் முழுவதையும் பார்க்கப் போவதில்லை, ஏழெட்டு இடங்களில் மட்டும் நிற்போம், ஆனால் நிற்கும் இடத்தில் நன்றாக நிற்போம் என்றார். கொடுத்த பணத்துக்குக் குறைவாகக் காட்டுகிறாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. அது தவறான எண்ணம் என்பது முதல் நூறு அடிக்குள் விளங்கியது. பட்டினத்தின் முதன்மைத் தெரு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதில் பாவியிருப்பவை கறுத்த எரிமலைக் கற்கள். குனிந்து தொட்டுப் பாருங்கள் என்றார். என் கணவர் குந்தி உட்கார்ந்து கல்லின் மீது கை வைத்ததும், "இது நம்ம ஊர்க் கல்தானே" என்றார். நம் தீவே எரிமலை கக்கிய கல்லால் ஆனது. கரும்புக் காடுகளில் குவித்து வைத்திருக்கும் கல்லும், நம் வீட்டுக் கொல்லையில் ரோஸ் காரி என்று நாம் சொல்லும் அம்மியும் அதே இனம். ரோமுக்கு அந்தக் கல் அல்பான் மலைப் பக்கத்து எரிமலைக் குழம்பிலிருந்து கிடைத்தது என்று அவர் விளக்கியபோது, குழுவில் இருந்தவர்கள் என் கணவரைத்தான் பார்த்தார்கள்.

அவர் கட்டட வேலையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். அதனால் சுவர்களின் அருகே எங்களுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒஸ்தியாவின் சுவர்கள் முழுக்க முழுக்கச் செங்கல்லால் எழுப்பியவை போலத் தெரிகின்றன. ஒரு சுவர் பாதியில் உடைந்திருந்த இடத்துக்கு வழிகாட்டி எங்களை அழைத்துச் சென்று உட்பக்கத்தைக் காட்டினார். வெளியே தெரியும் மெல்லிய செங்கற்கள் உண்மையில் முக்கோணமாக வெட்டப்பட்டவை. அவற்றின் அகன்ற பக்கம் வெளியே வரிசையாக நிற்க, கூர்முனை உள்ளே சாந்துக்குள் பல் கடித்ததுபோல் பதிந்திருக்கிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவே சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கல் துண்டுகளும் சேர்ந்த காரை. சுவரைத் தாங்குவது அந்தக் காரைதான். செங்கல் அதற்குத் தோல். என் கணவர் விரல் நுனியால் ஒரு முக்கோணத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த தம் முன்னோர்கள் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த கதையை அவர் சொல்ல, வழிகாட்டி ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார். பிறகு வேறொரு செங்கல்லில் பதிந்திருந்த அரைவட்ட முத்திரையைக் காட்டினார். செங்கல் சூளைக்காரர்கள் இப்படி முத்திரை இடுவது வழக்கம். சில முத்திரைகளில் அந்த ஆண்டின் ஆட்சித் தலைவர்களான இரு கான்சல்களின் பெயர்களும் இருக்கும். கி.பி. 123ஆம் ஆண்டைக் குறிக்கும் முத்திரைகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், ரோமிலும் ஒஸ்தியாவிலும் பல கட்டடங்களின் காலத்தைச் செங்கல்லே சொல்லிவிடுகிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்திருந்தால், அந்த உடைந்த சுவரை நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

நெப்டியூன் குளியல் மண்டபத்தின் தரைச் சித்திரம், நாடக அரங்கு ஆகியவற்றைப் பற்றி நான் விரிவாக எழுதவில்லை; அவற்றின் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. மாவரைத்து ரொட்டி சுட்ட கூடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான கறுப்புக் கல் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கீழ்க்கல் கூம்பு வடிவம். அதன்மேல் கவிழ்த்த மேற்கல் நம் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையும் விரிந்திருக்கிறது. மேல் வாயில் கோதுமையைக் கொட்டுவார்கள், கீழ் விளிம்பில் மாவு உதிரும். ஒடுங்கிய இடையில் இருக்கும் துளைகளில் மரச்சட்டம் பொருத்திக் கழுதையைப் பூட்டிச் சுற்றவிடுவார்கள். செக்கு சுற்றும் மாட்டைத் தமிழ்நாட்டில் பார்த்திருந்ததால் எனக்கு அது உடனே விளங்கியது. விலங்கின் குளம்படி விழும் தரையும் அதே எரிமலைக் கல்லால் பாவப்பட்டிருந்தது. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த தானியம் இந்தத் துறையின் கிடங்குகளில் இறங்கி, படகுகளில் ஏறி, கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஆற்றின் வழியே ரோமுக்குப் போனது. அதைப் பத்து நிமிடத்தில் அந்த அம்மையார் சொன்ன விதத்தில், பேரரசர்களின் பட்டியல் தர முடியாத ஒரு தெளிவு எனக்குக் கிடைத்தது.

அடுத்த தெருவில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக எழுந்த பல மாடி வீடுகள். பளிங்குப் பலகை வைத்த ஓர் உணவுக்கடையும் அங்கே உண்டு. கடைக்காரர் தட்டுகளை அடுக்கிய படிகள் அப்படியே இருக்கின்றன. பின்சுவரில் தின்பண்டங்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். போர்ட் லூயிஸின் பழைய தெருக்களில் வளர்ந்த எனக்கு அந்த அமைப்பு புதிதாகத் தோன்றவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது நாடக அரங்கின் பின்புறம் இருக்கும் வணிகர் சதுக்கம். நடுவில் ஒரு கோயில், சுற்றிலும் சிறு சிறு அறைகள், ஒவ்வொன்றின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கற்களால் இழைத்த தரைச் சித்திரம். கப்பல்கள், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், இன்றைய லிபியாவில் உள்ள சப்ரதா நகரத்தாரின் அறைக்கு முன் ஒரு யானை. கார்த்தேஜ், நர்போன், சார்தீனியாவின் கலியாரி, அலெக்சாந்திரியா என்று ஊர்ப் பெயர்கள். எங்கள் ஊர் மிளகு இதில் எங்கே என்று நான் கேட்டேன். இந்தியாவின் பெயரில் இங்கே அறை இல்லை, ஆனால் அலெக்சாந்திரியாவின் பெயருக்குப் பின்னால் இந்தியா இருக்கிறது என்று அவர் விடை கூறினார். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏறிய மிளகு செங்கடல் துறையான பெரெனிகேயில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா வந்து, அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பல் ஏறியது. பெரெனிகேயில் தோண்டியவர்கள் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகை ஓர் இந்தியத் தாழியோடு கண்டெடுத்ததையும், ரோமில் மிளகுக்கென்றே பேரரசர் டொமிஷியன் கிடங்கு கட்டியதையும் அவர் அறிந்திருந்தார். யவனர் பொன்னொடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு பாடுகிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நான் சொன்னதும் பாட்டின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியச் செந்நிறக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்ததைச் சேர்த்துச் சொன்னேன். 18ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறியது அதே புதுச்சேரிக் கரையிலிருந்துதான் என்பதையும் சொல்லும்போது என் குரல் சற்றுத் தழுதழுத்துவிட்டது.

ஒரு செய்தியை அவர் மறைக்காமல் சொன்னதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒஸ்தியாவின் பெரும்பகுதி 1938 முதல் 1942 வரை, ரோமில் நடத்தத் திட்டமிட்டிருந்த உலகக் கண்காட்சிக்காக முசோலினி ஆட்சியில் மிக விரைவாகத் தோண்டப்பட்டது. போர் வந்ததால் அந்தக் கண்காட்சி நடக்கவே இல்லை. ஆனால் அவசரத்தில், பிற்காலத்தில் மக்கள் எழுப்பிய எளிய சுவர்கள் பலவும் பதிவு செய்யப்படாமலே அகற்றப்பட்டுவிட்டன. நாம் காணும் அழகிய தெருவில் சில நூற்றாண்டுகளின் தடயமே காணாமல் போயிருக்கிறது என்பதை ஒரு வழிகாட்டி சொன்னால்தான் தெரியும்; சுவரில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, நம் தமிழ்ச் சங்கங்களுக்காகவும் கோயில் அன்பர்களுக்காகவும் ஐரோப்பியப் பயணங்களை ஏற்பாடு செய்பவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ரோமுக்கு இரண்டு நாள் ஒதுக்குகிறீர்கள் என்றால், அதில் ஒரு முற்பகலை ஒஸ்தியாவுக்குக் கொடுங்கள். அதற்காகப் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று இடங்களை நீக்க நேர்ந்தாலும் நீக்குங்கள். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். குழு பெரிதாக இருந்தால் இரண்டு வழிகாட்டிகளை அமர்த்துங்கள், தலைக்கு ஆகும் செலவு சற்றுக் கூடினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம் பெரியவர்களில் பலருக்கு வழிகாட்டியின் பிரெஞ்சு வேகமாகப் போய்விடும் என்பதால், குழுவில் தமிழும் கிரியோலும் அறிந்த ஒருவர் உடன் நின்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலிலிருந்து வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் (Aapravasi Ghat) துறைக்கு என் மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். சொல்ல ஒருவர் இல்லாதபோது அங்குள்ள பதினாறு படிகளையும் பிள்ளைகள் தாவிக் கடந்துவிடுவார்கள். சொல்ல ஒருவர் இருந்தால் ஒவ்வொரு படியிலும் நிற்பார்கள். ஒஸ்தியாவில் பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமைகளில் ஒஸ்தியாவின் வாயில் மூடியிருக்கும். ஏற்பாட்டாளர்கள் இதை முதலிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும். கல் பாவிய தெரு மேடும் பள்ளமுமாக இருப்பதால் செருப்பு உதவாது, கெட்டியான காலணி வேண்டும். குடை பைன் மரங்களின் நிழல் சில இடங்களில்தான் உண்டு என்பதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். முசிறி, அரிக்கமேடு, பெரெனிகே, ஒஸ்தியா ஆகிய நான்கு ஊர்களையும் இணைத்து, நின்று படிப்பதற்கு ஏற்றவாறு பெரிய எழுத்தில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பயணம் போகும் எந்தக் குழு கேட்டாலும், தங்கள் அலுவலகத்தின் வழியாக அதை இலவசமாக அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.