உன் அம்மாவின் கடலைக்காட்டுப் பாட்டு

கொழிஞ்சாம்பாறை
ஞாயிறு மாலை

அன்புள்ள சரசு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வை, வைகாசியில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். நீ அனுப்பிய புடவை வந்தது, நிறம் வழக்கம்போல உனக்குப் பிடித்த நிறம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேரன் கண்ணன் வந்திருக்கிறான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதைப் போன வருசமே உனக்குச் சொன்னேன். ஆறு வயது முடிந்துவிட்டது. குக்கர் விசில், மிக்ஸி, பக்கத்து வீட்டு பைக் எதுவும் ஆகாது. அவன் இருக்கும்வரை நான் பானையில்தான் சோறு வடிக்கிறேன். ஆனால் மீன மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் எங்கே திரும்பினாலும் வேல, பூரம் என்று கோயில் திருவிழாதானே! அதற்கு எந்தப் பானையை வைப்பது?

போன வாரம் பக்கத்து அம்மன் காவில் திருவிழா. சாயங்காலம் தூரத்தில் பஞ்சாரி மேளம் தொடங்கியது. நான் பயந்துகொண்டே இருந்தேன். அவனோ திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். பஞ்சாரி ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது 96 தாள எண்ணிக்கை என்று மெல்லத் தொடங்கி 48, 24 என்று பாதி பாதியாகக் குறைந்து 6 வரை வரும். அடுத்து என்ன வரும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தூரத்தில் இருந்ததால் சத்தமும் அளவாகத்தான் வந்தது. பிறகு கதினா என்கிற கோயில் வேட்டை வெடித்தார்கள். முதல் வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறினான், சரசு. மூன்று மணி நேரம். என் மகள் அழுதாள், நானும் அழுதேன்.

அப்புறம் அத்தை எழுந்து வந்தார். 82 வயது, முட்டி மடங்காது. பாயை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டு, அவனைத் தொடாமல், சுவரைப் பார்த்தபடி தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். அவர் பாடி நான் இருபது வருசமாகக் கேட்டதில்லை. பாதி மூச்சு, பாதிக் குரல். கொஞ்ச நேரத்தில் ஒரு கை காதிலிருந்து இறங்கியது. பிறகு மற்றொரு கை. ஒவ்வொரு கண்ணி முடியும்போதும் வருகிற 'ஆராரோ'வை மட்டும் அவனும் சேர்ந்து முனகினான்.

மறுநாள் மகள் போனில் நாட்டுப்புறத் தாலாட்டு என்று தேடிப் போட்டாள். கீபோர்டு, நடுவில் எங்கிருந்தோ திடுதிப்பென்று ஓர் உறுமி. போனைத் தூக்கி எறிந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். கிராமத்துப் பாட்டு என்பதால் மட்டும் அது அவனுக்கு ஒத்துவந்துவிடாது. பறையும் உறுமியும் நம்முடையவைதான், ஆனால் அவை எழுப்பிவிடப் பிறந்தவை. அத்தையின் பாட்டு நாலைந்து சுரத்துக்கு மேல் ஏறவே இல்லை. தொட்டில் போய் வருகிற வேகம்தான் அதன் தாளம். யாரடித்தார் என்று மாமனைக் கேட்கும், அத்தையைக் கேட்கும், சித்தப்பனைக் கேட்கும். ஆள்தான் மாறும், மெட்டு மாறாது. புதிதாக ஒரு சொல் வந்தாலும் பழகிய இடத்தில் வந்து உட்காருகிறது.

கோயம்புத்தூரில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் காதைப் பற்றி ஒன்று சொன்னாள். பெரிய சத்தம் வந்தால் உள்ளே ஒரு சின்னத் தசை இறுகி அதைக் கொஞ்சம் தடுக்குமாம். ஆனால் இறுகுவதற்குக் கண்ணிமைக்கும் நேரமாவது வேண்டும். வெடி அதற்குள் உள்ளே போய்விடும். இது எல்லார் காதுக்கும்தான். நமக்கு அது தூக்கிவாரிப் போடும், அவ்வளவுதான். அவனுக்கு வலி. இந்தப் புலன் உணர்வு விஷயத்தை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்ததே 2013இல்தான் என்றும் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்குத் துரை ஞாபகம் வந்தது. திருவிழா வந்தால் கரும்புக் காட்டுக்குள் ஓடிப் போய் ஒளிந்துகொள்வானே. அவன் அப்பா இழுத்து வந்து மேளத்துக்கு முன்னால் நிறுத்துவார், பயம் தெளியட்டும் என்று. நாம் பார்த்துச் சிரித்தோம், சரசு. நானும் சிரித்தேன். இப்போது ராத்திரியில் அது வந்து நிற்கிறது.

பாட்டுப் பாடினால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளுக்கு இசைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்கள் அதனால் குறையவில்லை. மகள் வாசித்துக் காட்டியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பாட்டு அவனை மாற்ற வேண்டாம். அரை மணி நேரம் காதைப் பொத்தாமல் அவன் எங்களோடு உட்கார்ந்திருந்தால் போதும். நேற்று உட்கார்ந்திருந்தான்.

அத்தைக்கு இரண்டே பாட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் இப்போது உன்னிடம் கேட்கிறேன். கடலை பறிக்கும்போது உன் அம்மா ஒன்று பாடுவார்களே, கொடியை உதறுகிற சத்தத்துக்குச் சரியாக, ஒருவர் பாட மற்றவர்கள் இழுத்து முடிப்பதாக? எனக்கு மெட்டு இருக்கிறது, சொல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து, டிவி வேண்டாம். மெதுவாகப் பாடட்டும், எத்தனை தடவை திரும்பி வந்தாலும் பரவாயில்லை. முடிந்ததும் நீ கை தட்டாதே. உன் கைத்தட்டல் எனக்குத் தெரியும், ஸ்கூல் ஆண்டு விழாவில் பெரிய டீச்சரே திரும்பிப் பார்த்த கைத்தட்டல்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவனை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அதற்குள் நான் சொல்லைப் பாடம் பண்ணிக்கொள்ள வேண்டும். அவனுக்குப் போனில் போடப் போவதில்லை, நானே பாடப் போகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
ராஜம்