மையம் விலகிய இசைத்தட்டை மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ மறுபதிப்பு இசைத்தட்டின் குறைபாடு – இரண்டாம் புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் மறுபதிப்பைக் கடந்த மாதம் தங்களிடம் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். நடுத்துளை மையத்தை விட்டு விலகியிருப்பதால் சுருதி அலைகிறது என்று நான் எழுதியதற்கு, கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஒலியே அப்படித்தான் வழுக்கிச் செல்லும் என்று தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை.

பேர்ட்ஸ் குழுவிலிருந்து விலகி வந்த கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மேனும் கன்ட்ரி இசையையும் ராக்கையும் சோல் பாடல்களையும் ஒன்றாகக் கலந்த இந்தத் தட்டு, பின்னாளில் அமெரிக்கானா என்று பெயர் பெற்ற இசைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. அதில் ஸ்னீக்கி பீட் கிளைனோ தம் ஸ்டீல் கிட்டாரை ஃபஸ் கருவி வழியாகச் செலுத்தி, மின் கிட்டாரைப் போலக் கரகரக்க வைத்திருக்கிறார். அவர் எடுக்கும் ஒவ்வொரு வளைவும் பாட்டின் போக்கை ஒட்டியே வரும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது எளிதில் விளங்கும். என் தட்டில் கேட்கும் அலைவோ பாட்டு எதுவானாலும் 1.8 விநாடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, தவறாமல் வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முள் உள்வட்டத்தை நெருங்க நெருங்க அது கூடுகிறது. இரண்டாம் பக்கத்தில் பியானோவும் அலைகிறது. அடித்த சுரத்தை வளைக்கப் பியானோவில் வழியே இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முள் தாங்கிய கை ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமும் ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். அந்தக் காணொளியை இத்துடன் மீண்டும் இணைத்துள்ளேன். என்னிடமுள்ள மற்றத் தட்டுகள் அதே கருவியில் அசைவின்றி ஓடுகின்றன.

பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய தட்டு இது. மிகுந்த மனவருத்தத்துடனேயே இதை எழுதுகிறேன்.

ஆகவே இத்தட்டைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்று அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே அச்சுத் தொகுதியில் வந்த பிற தட்டுகளிலும் இக்குறை இருக்கக்கூடும் என்பதால், அனுப்புமுன் ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டுகிறேன். குறையற்ற தட்டு இருப்பில் இல்லையெனில், 15 நாட்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்