அம்முணிக்கு, பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி

அன்புள்ள அம்முணிக்கு,

மார்க் 2 அம்பாசிடர்ல இருந்த 1489 சிசி இஞ்சினை இறக்கிட்டு, இசுசு 1817 சிசி இஞ்சினை ஏத்தறே. நல்ல முடிவுதான். ஆனா கடையில போய் "அம்பாசிடர் வாட்டர் பம்ப்"னு கேட்டுடாதே, பழைய இஞ்சினுக்கு உண்டானதை எடுத்து வெச்சுடுவாங்க. வாட்டர் பம்ப் இஞ்சினோட சாமான், வண்டியோடது இல்லை. இந்த இசுசு இஞ்சின் கான்டெசா கார்ல வந்தது, அதனால கான்டெசா 1.8க்குன்னு கேளு. கழட்டின பம்பையும் கேஸ்கெட்டையும் கையோட கொண்டு போ.

முதல்ல பாக்க வேண்டியது சுத்து. நம்மூர்க் கிணத்து மோட்டாருக்குப் பேஸ் மாறிப் போனா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தும், தண்ணியும் வரும், ஆனா பாதி வாய்க்கால் கூட நனையாது. தண்ணி வருதேன்னுதான் ஏமாந்து போறாங்க. கார் பம்பும் அதே மாதிரி இறக்கை சுத்தித் தண்ணியை வெளியே வீசற சென்ட்ரிஃபியூகல் ஜாதிதான். வி-பெல்ட் உள்பக்கத்தால புல்லியை இழுத்தா, கிராங்க் சுத்தற பக்கமே பம்பும் சுத்தும். ஏசிக்காக நீ இஞ்சின் முன்னால வேற புல்லி, பெல்ட் செட்டு மாட்டி, பட்டை பெல்ட்டோட முதுகு பம்ப் புல்லி மேல ஓடற மாதிரி வந்துச்சுன்னா எதிர்ச்சுத்து. அதுக்கு அந்தச் சுத்துக்கே வார்த்த பம்ப் வேணும். இம்பெல்லர், அதான் பம்ப் உள்ளே சுத்தற சக்கரம், அதோட இறக்கை வளைவா இருந்தா, நுனி சுத்தற திசைக்குப் பின்னால சாஞ்சிருக்கணும். தப்பா மாட்டினா அவினாசி ரோட்டுல ஒண்ணும் தெரியாது. திம்பம் 27 கொண்டை ஊசி ஏறும்போதுதான் டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போகும்.

அடுத்தது பம்போட உசரம். கேஸ்கெட் உக்காரற முகத்திலிருந்து புல்லி உக்காரற முகம் வரைக்கும் வெர்னியர் வெச்சு அள. பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். மாட்டின பொறவு கிராங்க் புல்லி, பம்ப் புல்லி ரெண்டுக்கும் குறுக்கே ஸ்டீல் ஸ்கேல் வெச்சுப் பாரு. ஓரடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிக்கு மேல விலகினா பெல்ட் கீச்சுன்னு கத்தும், அப்புறம் பேரிங் போகும். புல்லி உள்வாங்கியிருந்தா ஸ்பேசர் கடைஞ்சு போடலாம், வெளியே தள்ளி நின்னா ஸ்பேசரால ஆகாது, பம்பையே மாத்தணும்.

இம்பெல்லருக்கும் எதிர்ச் சுவருக்கும் இருக்கற இடைவெளியை யாரும் பாக்கறதே இல்லை. இறக்கை மேல களிமண் உருண்டையை அழுத்தி ஒட்டி, கேஸ்கெட்டை வெச்சு, பசை போடாம முறுக்கிக் கழட்டு. நசுங்கின களிமண் அரையிலிருந்து ஒரு மில்லி இருந்தா சரி. அதுக்கு மேல போனா தண்ணி உள்ளேயே திரும்பிடும், குறைஞ்சா இறக்கை உரசும். தகட்டு இம்பெல்லரைவிட வார்ப்பு எனக்குப் பிடிக்கும், உன் இஷ்டம்.

கீழ் ஹோஸ் உறிஞ்சற பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத ஹோஸ் போட்டா, ஆக்சிலேட்டர் மிதிக்கையில சப்பிக்கும், ஐடில்ல நல்லாத்தான் தெரியும். பழைய ரேடியேட்டர் வாயும் பம்ப் வாயும் அளவு ஒத்துவரலைன்னா ஒரு முனை பெருசும் மறு முனை சிறுசுமா இருக்கற படி ஹோஸ் போடு, சின்ன ஹோஸை இழுத்து மாட்டாதே. ஃபேன் பம்ப் தலையிலேயே இருந்தா ரேடியேட்டருக்கும் அதுக்கும் 25 மில்லியாவது விடு, பிரேக் போட்டா இஞ்சின் முன்னால நகரும். இடம் பத்தலைன்னா எலக்ட்ரிக் ஃபேன்தான்.

"வெயில் ஊருக்கு எதுக்கு தெர்மோஸ்டாட்"னு சொல்ற மெக்கானிக் பேச்சைக் கேக்காதே. சூடானதும் பைபாஸை, அதாவது ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழியை, மூடற மாதிரி தெர்மோஸ்டாட்டா இருந்தா, அதைக் கழட்டினா வெந்நீர் ரேடியேட்டர் போகாமலே சுத்தும், சூடு ஏறத்தான் செய்யும்.

போல்ட்டை எதிரெதிரா, எட்டு மில்லி போல்ட்டுன்னா 20 நியூட்டன் மீட்டர் போல முறுக்கு. பெல்ட் மாட்டறதுக்கு முன்னாடி கையால சுத்திப் பாரு. பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அழுத்தினா பத்து மில்லி இறங்கணும், அதிகமா இழுத்தா புதுப் பேரிங்கே போயிடும். பம்புக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டை கசிஞ்சா சீல் போச்சுன்னு அர்த்தம், எம்சீல் வெச்சு அடைக்காதே. போர்த் தண்ணி ஊத்தாதே, உப்பு படிஞ்சு சீலைத் தின்னுடும். டிஸ்டில்டு வாட்டரோட கூலன்ட் பாதிக்குப் பாதி.

புல்லி முகத்து அளவை எழுதி அனுப்பு, கணபதியில லேத்துல சொல்லி ஸ்பேசர் கடைஞ்சு வெக்கறேன்.

அப்பா