சஃபோக் இல்லம்: ஆளை விட்டுக் கட்டடத்தைப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்குத் தீவின் பழைய வீடுகள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, சஃபோக் இல்லத்தை 'பிரான்சிஸ் லைட் வாழ்ந்த மாளிகை' என்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய லைட் 1794-லேயே இறந்துவிட்டார். அவருடைய மிளகுத் தோட்டம் இருந்த இடம்தான் அது. இன்று நிற்கும் மாளிகை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சரி, இந்தக் குழப்பம் புதிதல்ல. ஆனால் ஆளைப் பற்றியே பேசிக் கட்டடத்தை மறந்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். இங்கிலாந்தில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் வழங்கிய ஜார்ஜிய கட்டடப் பாணியின் சமச்சீர், இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிய தோட்ட வீடுகளின் வழியாக வெயிலுக்கும் மழைக்கும் பழகிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. தூண்கள் தாங்கும் அகலத் தாழ்வாரமும் மாடியின் பெரிய நடனக்கூடமும் அதற்குச் சாட்சி.

ஒரு நடுப்பகலில் அங்கே மாடித் தாழ்வாரத்தில் நின்றேன். வெளியே புல்வெளி கண்ணைக் கூசச் செய்தது. இரண்டடி உள்ளே தள்ளி நின்றதும் வியர்வை அடங்கிவிட்டது. வாசலில் லைட்டின் கதையோடு, காற்றும் நிழலும் வீட்டுக்குள் நகரும் விதத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றையும் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வைக்கலாம்.

ஒரு வாசகர்,
பினாங்கு