கீமோவுக்குப் பின் காய்ச்சல்: பக்கத்தில் இருப்பவருக்கு யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் உணவு, மனஉறுதி என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. நள்ளிரவில் கணவருக்கோ மனைவிக்கோ உடம்பு சுட்டால் துணையாக இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவோர் குறைவு. புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்களாகிய நாங்கள் அதற்காகவே இதை எழுதுகிறோம்.

கீமோ, அதாவது புற்றுநோய் அணுக்களை அழிக்கும் மருந்து, ஏற்றியதிலிருந்து பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். மருந்துக்கு மருந்து இது மாறும். சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் அந்த அணுக்கள் கிருமியோடு போராடுவதால் வருபவை. அந்த அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி ரத்தத்தில் பரவினாலும் வெளியே தெரிவது பல நேரம் காய்ச்சல் மட்டும்தான். அதையும் ஒரு பாராசிட்டமால் மறைத்துவிடும். "மாத்திரை போட்டுத் தூங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்ற பேச்சுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் மாத்திரை. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வையுங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் கால் மணி நேரமாவது கழியட்டும். அக்குளில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது. அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் உடனே மருத்துவமனையை அழையுங்கள், மணி இரவு இரண்டானாலும் சரி. ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் முதியவருக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். குளிர் நடுக்கம், தலைசுற்றல், முன்னுக்குப்பின் முரணான பேச்சு இருந்தால் தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும் கிளம்புங்கள். மருந்தேற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் குழாயோடு பொருத்தியிருக்கும் போர்ட்டைக் கழுவிய சற்று நேரத்தில் நடுக்கம் வந்தால், அந்தக் குழாயிலேயே கிருமி இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது காய்ச்சலை அல்ல, கீமோவை. "கீமோ போட்டுப் பத்து நாள், இப்போது 101 டிகிரி" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ரத்த மாதிரி எடுத்து, வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பது நடைமுறை. நோயின் பெயர், கீமோ மருந்துகள், கடைசித் தேதி, கடைசி ரத்த அணு எண்ணிக்கை, ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, இவை ஒரே தாளில் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டில் நடக்கும் வாக்குவாதமும் நாங்கள் அறிந்ததே. நோயாளி "ஒன்றுமில்லை, விடு" என்பார். துணைவர் இரண்டு மணி நேரம் தயங்குவார். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் இருவரும் பேசி, எந்த அளவைத் தொட்டால் கேள்வியில்லாமல் கிளம்புவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

காய்ச்சலைப் போலவே காத்திருக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. படுத்தால் அதிகமாகும் புதிய முதுகுவலி, அதோடு கால் தளர்வு, தொடைகளுக்கு நடுவே மரமரப்பு, சிறுநீர் கழிக்க முடியாமை என்றால் கட்டி தண்டுவடத்தை அழுத்தக்கூடும். நடக்கும் நிலையில் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பிறகும் நடக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள், உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு போராட வைக்கும் சிகிச்சை, எடுத்தவருக்குச் சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வரலாம். கடை மாத்திரையால் அதை அடக்கப் பார்க்காதீர்கள்.

மற்றபடி தலைவலி, சளி, இருமல் ஒவ்வொன்றுக்கும் நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்குவது இயல்பு. அவற்றைத் தேதியோடு குறித்துவையுங்கள். கூடிக்கொண்டே போனாலோ, இரண்டு வாரத்தில் போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டலாம்.

இவ்வளவையும் டிஸ்சார்ஜ் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் அச்சிட்டால் போதாது. முதல் கீமோவுக்கு முன்பே துணைவரை உட்கார வைத்து, தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, இரவில் எடுப்பார்கள் என்று உறுதியான ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தர வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது இதைத்தான்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்